தகுதியைப் புலப்படுத்தும் அறம்

(தசலக்ஷணப் பெருவிழாச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

 

தசலக்ஷண நாள்களில் ஜினாலயத்தில் பேசப்படும் பொருள்கள் பெரும்பாலும் ஆன்மாவைப் பற்றியவை. இவ்வுரையின் பொருளோ அலுவலகத்தைப் பற்றியது. பணிபுரியும் இடத்தில் ஒருவர் தம் தகுதியைப் பிறர் அறியச் செய்வது எவ்வாறு? அங்ஙனம் செய்வது அறத்திற்கு ஏற்றதுதானா? இவ்விரு வினாக்களும் இன்று தமிழ்ச் சமணர் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றன. எழுந்தும், விடை காணப்படாமல் ஒரு மனக்குறையாக நின்றுவிடுகின்றன. ஆதலின் அவற்றை இவ்விழா மேடையில் எடுத்துப் பேசுவது பொருத்தமே ஆகும்.

முன்னாளில் இவ்வினாவிற்கு இடமில்லை. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழ்ந்த சமணக் குடும்பங்களுள் மிகப் பல உழவை நம்பி வாழ்ந்தவை. உழவருக்குத் தம் தகுதியைச் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. களை எடுத்த வயலும் களை எடுக்காத வயலும் அருகருகே கிடக்கும். வரப்பில் நடந்து போகிறவர் கண்ணுக்குப் பயிரே சான்று கூறும். இன்றைய தலைமுறையோ சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் மேசைமுன் அமர்ந்து உழைக்கிறது. அங்கே ஒருவர் உழைப்பு மற்றொருவர் உழைப்போடு கலந்துவிடுகிறது. பத்துப் பேர் கூடிச் செய்த பணியில் எவர் பங்கு எவ்வளவு என்பதை மேலாளர் கண்ணால் கண்டு அறிய இயலாது. சொன்னால்தான் தெரியும். வயல் தானே பேசியது. கணிப்பொறி தானே பேசுவதில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். அவள் வந்தவாசிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவள், பொறியியல் கற்றவள், சென்னையில் ஒரு நிறுவனத்தில் பணிபுரிபவள் என்று கொள்க. அந்நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில் ஒரு பிழை இருந்தது. அதனால் வாடிக்கையாளர்க்குச் செல்ல வேண்டிய பட்டியல்கள் மாதந்தோறும் தாமதமாயின. அப்பெண் மூன்று வாரம் மாலை நேரங்களில் தங்கியிருந்து பிழையைக் கண்டறிந்து திருத்தினாள். எவரிடமும் சொல்லவில்லை. சில நாள் கழித்து நடந்த கூட்டத்தில் உடன் பணிபுரிந்த ஒருவர் அத்திருத்தத்தை விளக்கினார். கேட்டவர்கள் அவரையே பாராட்டினர். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் தாம் செய்த பணிகளைத் தாமே எழுதித் தரும் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. “கொடுக்கப்பட்ட பணிகளைச் செய்தேன்” என்று ஒரே வரி எழுதி அனுப்பினாள். பதவி உயர்வு மற்றவருக்குச் சென்றது.

வருத்தத்தோடு தந்தையிடம் தொலைபேசியில் சொன்னாள். “நாம் செய்ததை நாமே சொல்லிக்கொள்ளலாமா அம்மா? அது செருக்கு அல்லவா? நமக்கு வரவேண்டியது வினைப்பயனால் தானே வரும்” என்றார் தந்தை. “அப்படியென்றால் அவர் சொன்னது சரியா அப்பா?” என்று மகள் கேட்டாள். தந்தையிடம் விடையில்லை.

தந்தையின் சொல்லை எளிதில் புறந்தள்ளிவிட இயலாது. அதற்குப் பின்னே நூல் ஆதரவு உண்டு. இவ்விழா நாள்களில் நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாக ஓதப்படும் தத்வார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினைகள் உயிரில் வந்து சேரும் வாயில்களைக் கூறுவது. அதில் நீச கோத்திர வினைக்குக் காரணங்களாக உமாஸ்வாமி ஆசாரியர் நான்கினை வைத்துள்ளார். பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாத நற்குணத்தை இருப்பதாக வெளிப்படுத்தல். இவற்றிற்கு மாறான பணிவும் செருக்கின்மையும் உச்ச கோத்திரத்திற்குக் காரணமாகும் என அடுத்த சூத்திரம் கூறும். அறிவாலும் குலத்தாலும் செல்வத்தாலும் பிறவற்றாலும் வரும் எண்வகைச் செருக்குகள் நற்காட்சிக்கு மாசு என்பதும் சிராவகர் அறிந்ததே. வழிவழியாக இதனைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தில் பிறந்த பெண் படிவத்தில் தன் பெருமையை எழுதக் கூசியது இயல்பே.

ஆயின், சூத்திரத்தை ஊன்றி நோக்க வேண்டும். அது கூறும் நான்கில் இரண்டு, பிறரைப் பற்றியவை. எஞ்சிய இரண்டனுள் ஒன்று, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. மற்றொன்று தற்புகழ்ச்சி. தான் மெய்யாகச் செய்த பணியை, கேட்க உரிமையுள்ளவர் கேட்கும்போது, உள்ளவாறு எடுத்துரைப்பது இந்நான்கனுள் எதில் அடங்கும்? அது தற்புகழ்ச்சியே என்று தந்தை கொண்டார். அவ்வாறு கொள்ளத்தான் வேண்டுமா?

இதற்கு விடை கூறியவர் வேறொரு சமணச் சான்றோரே. அவர் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட இலக்கணம் வகுத்த அம்முனிவர், நூலின் பாயிரப் பகுதியில் தற்புகழ்ச்சி பற்றி இரு விதிகளை அடுத்தடுத்து வைத்தார். எத்துணைப் புதுமையான நூலை எத்துணைத் திறம்பட ஒருவன் இயற்றினாலும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்பது முதல் விதி. அதனோடு நிறுத்தியிருந்தால் தந்தையின் கருத்தே முடிந்த முடிபாகும். அவர் நிறுத்தவில்லை. நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வதும் தகும் என்று அடுத்த விதியில் கூறினார். அரசவைக்கு ஓலை எழுதி விடுக்கும் இடம். தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் நிற்கும் இடம். அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய இடம். எதிரி தன்னைப் பழித்துரைத்த இடம்.

உலகியலை நன்கு உணர்ந்து வகுக்கப்பட்ட விதி இது. இந்நான்கு இடங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. நான்கிலும் கேட்பவர்க்கு ஒரு முடிவு எடுக்க வேண்டிய கடமை இருக்கிறது. முடிவு சரியாக அமைய உண்மை தேவைப்படுகிறது. அவ்வுண்மையைத் தரக்கூடியவன் அவனே. அங்கே அவன் வாய்திறவாமல் நின்றால் கேடு அவனுக்கு மட்டுமன்று, முடிவெடுப்பவர்க்கும் உண்டு. இவ்விடங்கள் அல்லாத பிற இடங்களில் தன்னைப் புகழ்தல் கேட்பவர்க்கு யாதொரு பயனும் தருவதன்று. சொல்பவனின் செருக்கையே வளர்க்கும். ஆகவே முனிவரின் முதல் விதியும் இரண்டாம் விதியும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

இன்றைய பணியிடத்தில் இந்நான்கு இடங்களும் எவை என்று காண்பது கடினமன்று.

அரசவைக்கு விடுத்த ஓலையே இன்று வேலைக்கு அனுப்பும் விண்ணப்பம். ஆண்டு முடிவில் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவம். படிவத்தை அனுப்பியவர் நிறுவனத்தார். அதில் வினா எழுப்பியவரும் அவரே. கேட்ட வினாவிற்கு “கொடுத்ததைச் செய்தேன்” என்று எழுதுவது பணிவு போலத் தோன்றும். உண்மையில் அது விடை கூறாமையே ஆகும். என்ன குறை இருந்தது, தாம் செய்தது யாது, அதனால் விளைந்தது யாது, உடன் உதவியவர் எவர் என்னும் நான்கினையும் அளவோடு எழுதினால் போதும். “சிறப்பாக”, “மிகத் திறமையாக” என்னும் அடைமொழிகள் வேண்டுவதில்லை. பட்டியல் பத்து நாள் தாமதமாகியது, இப்போது உரிய நாளில் செல்கிறது என்று எழுதினால் அதில் செருக்குக்கு இடமேது? எண்ணும் நாளும் தாமே பேசும். அடைமொழிகளே தற்புகழ்ச்சிக்கு வழி செய்யும்.

ஆற்றல் அறியாதவர் நடுவில் நிற்கும் இடம், நேர்முகத் தேர்வும் புதிதாக மேலாளர் பொறுப்பேற்கும் காலமும் ஆகும். பழைய மேலாளர்க்குத் தெரிந்தவை புதியவர்க்குத் தெரியா. முதல் வாரத்திலேயே, தாம் கவனித்து வரும் பணிகளையும் அவற்றின் நிலையையும் ஒரு பக்க அளவில் எழுதிக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி. அதனால் தம் தகுதியும் வேண்டும் அளவிற்குப் புலப்படும்.

வாதிட்டு வெல்ல வேண்டிய இடம், ஒரு பொறுப்பிற்குப் பலர் போட்டியிடும் இடம். அங்கே தம் வலிமையைத் தாமே குறைத்துக் கூறுதல் தவறு. பிறர் வலிமையைக் குறைத்துக் கூறுதல் அதனினும் பெரிய தவறு.

பழிக்கப்பட்ட இடம் நான்காவது. செய்யாத தவற்றைச் செய்ததாக எழுதினாலும், செய்த பணியை மற்றவர் தமதாகக் கூறினாலும் அமைதியாக மறுப்பது கடமை. பொது அவையில் சினந்து பேசுவது வேண்டா. மேலாளரைத் தனியே கண்டு, நாள் குறிப்பிட்டுச் செய்தியை உள்ளவாறு சொல்லி, அதனை எழுத்திலும் தருவது தகும். உத்தம க்ஷமா என்பது சினத்தை விடச் சொல்கிறது. உண்மையை விடச் சொல்லவில்லை.

இம்முறையை வாழ்ந்து காட்டியவர் ஒருவரின் வரலாறு சமணர்க்கு மிக நெருங்கியது. அவர் உ. வே. சாமிநாதையர். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் வேளையில், தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே பயின்ற சாமிநாதையரை அவ்விடத்திற்குப் பரிந்துரைத்தார். அப்போது ஐயர்க்கு வயது ஏறத்தாழ 25. புகழ்பெற்ற ஒருவர் இருந்த இடத்தில் அறியாத இளைஞர் ஒருவரை அமர்த்துமுன், அவர் புலமையை அறிய வேண்டியது கல்லூரியாரின் கடமை. அவர்கள் அவரைச் செய்யுட்களைக் கூறிப் பொருள் விளக்குமாறு கேட்டனர். ஐயர் கூசி ஒதுங்கவில்லை. கேட்டவற்றைக் கூறித் தம் ஆற்றலைப் புலப்படுத்தினார். ஆற்றல் அறியாதார் இடையில் நின்றபோது அவர் செய்தது பவணந்தியார் கூறியதே.

அதே ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்தது அதனினும் சிறந்தது. கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். எவ்வெந்நூல்களைக் கற்றிருக்கிறீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எனத் தாம் கற்றவற்றை ஐயர் வரிசையாக எடுத்துரைத்தார். முதலியார் வியக்கவில்லை. இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைக் கற்றதுண்டா, சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என்று கேட்டார். கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர்க்கு அது சங்கடமான வினா. படித்ததாகச் சொல்லி மழுப்பியிருக்கலாம். அதனைக் கண்டுபிடிக்கவல்லவர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஐயர் அவ்வாறு செய்யவில்லை. அந்நூல் தமக்குக் கிடைக்கவில்லை என்றும், கிடைத்தால் படித்தறியும் துணிவு உண்டு என்றும் விடை கூறினார்.

அவ்விடையில் இரு கூறுகள் உள. இல்லாததை இல்லை என்றது ஒன்று. இருக்கும் ஆற்றலை உண்டு என்றது மற்றொன்று. பணியிடத்தில் தகுதியைப் புலப்படுத்தும் கலை முழுவதும் அவ்விரு கூறுகளில் அடங்கிவிடுகிறது. முதலியார் ஏட்டிலிருந்து எழுதிய படியொன்றைக் கொடுத்தார். படிக்கப் புகுந்தபோது சமண சமயச் செய்திகள் விளங்காமல் ஐயர் இடர்ப்பட்டார். கல்லூரி ஆசிரியர் என்னும் பெருமையை ஒதுக்கிவைத்துக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று, அங்கே சிந்தாமணியைச் சமய நூலாகப் போற்றி ஓதி வந்தவர்களிடம் மாணவரைப் போல ஐயம் கேட்டார். அவர்களும் மனம் உவந்து கூறினர். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. தமிழாசிரியராக ஊதியம் பெற்று வந்த ஒருவரின் உண்மையான தகுதி உலகிற்குப் புலப்பட்டது அன்றுதான். அதற்கு விதையானது, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒரு சொல். அவ்விதை வளர நீர் வார்த்த பெருமை சமண இல்லங்களுக்கு உண்டு.

ஆகவே தகுதியைப் புலப்படுத்துதல் என்பதில் அறியாமையை ஒப்புக்கொள்வதும் அடங்கும். பிழை செய்தவர் அதனைப் பிறர் கண்டுபிடிக்குமுன் தாமே சொல்லித் திருத்த முற்பட்டால், மேலாளர் அவர் சொல்லும் பிற சொற்களையும் நம்புவார். ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் சிராவகர்க்குப் புதியன அல்ல. அன்றன்று செய்த குற்றத்தை எண்ணி ஒப்புக்கொள்ளும் அப்பழக்கத்தோடு ஒரு பணிக்குறிப்பேட்டையும் சேர்த்துக்கொள்வது நன்று. மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்று செய்தது, தவறியது, உதவியவர் பெயர் ஆகிய மூன்றையும் எழுதி வருக. ஆண்டு முடிவில் படிவம் வரும்போது நினைவைத் தேடித் துன்புற வேண்டியதில்லை, மிகைப்படுத்தவும் இடமிராது.

மிகைப்படுத்துவோரைக் கண்டு சிலர் மயங்குவதுண்டு. அவர்கள் முன்னேறுகிறார்களே, அவ்வழியே செல்லலாகாதா என்பர். அணுவிரதங்களின் அதிசாரங்களை அவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். பொய்ப் பத்திரம் எழுதுவது சத்திய விரதத்திற்கு ஊறு. போலியை மெய்ப்பொருளாகக் காட்டி விற்பதும், அளவையில் ஏமாற்றுவதும் கள்ளாமை விரதத்திற்கு ஊறு. வணிகர்க்கு மட்டும் கூறப்பட்டவை போலத் தோன்றினும் இவை ஊழியர்க்கும் பொருந்தும். இல்லாத அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதுவது பொய்ப் பத்திரம். உழைப்பது போல் காட்டிக்கொள்வது போலிச் சரக்கு. ஆறு மணி நேரம் உழைத்து எட்டு மணி நேரம் என எழுதுவது கள்ள அளவை. பிறர் பணியைத் தம் பணியாகக் கூறுவதோ வெளிப்படையான களவு. அவ்வழியே வந்த உயர்வில் அறம் நில்லாது.

வினைப்பயன் தானே வரும் என்ற தந்தையின் சொல்லுக்கும் ஒரு விடை வேண்டும். வினைக்கொள்கை மனிதனைக் கைகட்டி அமரச் சொல்வதன்று. ஊழே எல்லாம் என்பது ஆசீவகர் கொள்கை. ஒவ்வோர் உயிரும் தன் முயற்சியால் தன்னை உயர்த்திக்கொள்ளும் என்பதே அருகன் அறம். உண்மையை உரிய இடத்தில் உரைப்பதும் முயற்சியே.

அவையில் உள்ள பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கடை நடத்துவோரும், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தலைமைப் பொறுப்பில் இருப்போரும் இங்கே உள்ளனர். சூத்திரம் கூறிய நான்கனுள் மூன்றாவது, பிறரிடம் உள்ள நற்குணத்தை மறைத்தல். ஊழியர் நன்றாகச் செய்த பணியைக் கண்டும் காணாதவர் போல் இருப்பது இக்குற்றமே. பாராட்டினால் ஊதியம் கூட்டிக் கேட்பார் என்று அஞ்சி வாய்மூடி இருப்பவர், தம்முடைய வினைக் கணக்கில் எழுதிக்கொள்வது எது என்பதை எண்ண வேண்டும். தலைமையில் இருப்பவர் தாமே உசாவி அறிந்து, செய்தவர் பெயரை அவையில் சொல்வாராயின், ஊழியர் தம்மைத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை பாதி நீங்கும்.

தசலக்ஷணத்தின் இரண்டாம் நாள் உத்தம மார்தவம். மூன்றாம் நாள் உத்தம ஆர்ஜவம். மார்தவம் என்பது செருக்கற்ற மென்மை. ஆர்ஜவம் என்பது மனமும் சொல்லும் செயலும் ஒரு நேர்கோட்டில் நிற்பது. முதல் நாளோடு நின்றுவிடாமல் அடுத்த நாளுக்கும் செல்ல வேண்டும். தான் செய்ததை மனம் அறிந்திருக்க, கேட்ட இடத்தில் வாய் “ஒன்றும் செய்யவில்லை” என்று கூறினால் மனமும் சொல்லும் நேர்கோட்டில் இல்லை. மார்தவம் மிகையை நீக்கும். ஆர்ஜவம் மறைப்பை நீக்கும். இரண்டும் நீங்கிய பின் எஞ்சி நிற்பது உண்மை.

அப்பெண்ணுக்கு அடுத்த ஆண்டும் படிவம் வரும். அப்போது அவள் நான்கே வரிகள் எழுதட்டும். இருந்த குறை, செய்த திருத்தம், விளைந்த பயன், உதவியவர் பெயர். தந்தையும் அதனைப் படித்துப் பார்க்கட்டும். அதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை, ஒரு சொல்லும் குறைவில்லை என்று கண்டால், “இது செருக்கு அன்று அம்மா, இது சத்தியம், அனுப்பு” என்று அவர் சொல்வார். அதன்பின் பதவி உயர்வு வரலாம், வராமலும் போகலாம். அது பிறர் கையில் உள்ளது. உள்ளதை உள்ளவாறு உரைத்த நிறைவு அவள் கையில் உள்ளது. அதனை எவரும் எடுத்துக்கொள்ள இயலாது.

ஜினதருமம் ஓங்குக! அறம் வளர்க!